விருந்து கொடுத்த வீடு

வழக்குத் தாளைக் கொண்டுவந்து கொடுத்த ஆள் மரியாதையான மனிதர்தான். மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்கம்மா, இது என் வேலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வெர்னா ஹலுஸ்கா பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே உறையைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே பெயர்கள் இருந்தன. வழக்குப் போட்டவர் நோரீன் கெய்கன். எதிராளிகள் மூன்று பேர்: ருடால்ஃப் ஹலுஸ்கா, லியோன் ஹலுஸ்கா, வெர்னா ஹலுஸ்கா.

சன்னல் திரையை விலக்கினால் நோரீனின் வீடு தெரியும். தெருவின் அந்தப் பக்கம், பச்சைக் கதவு. அந்தக் கதவுக்குச் சாயம் அடித்த நாளில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வெர்னாதான். இருவரும் ஒரே பள்ளியில் பல வருஷங்களாகச் சேர்ந்து சமைத்தவர்கள். நோரீன் குழம்பு கிளறினால் வெர்னா ரொட்டி அடுக்குவாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு பேர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள்.

சமையலறையில் லியோன் வானொலியில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலுக்குப் போகாவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நோரீன் நம்ம மேல கேஸ் போட்டிருக்கா" என்றாள் வெர்னா.

"ரூடி மேலதானே?"

"நம்ம மேலயும்."

லியோன் வானொலியை அணைத்தார். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நாம என்ன வண்டியா ஓட்டினோம்?" என்றார் கடைசியில்.

அந்தக் கேள்வியை அவர் அதற்குப் பிறகு பல மாதங்கள், பல பேரிடம் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நியூ ஜெர்சியில் சட்டம் அப்படி. வீட்டுக்கு வந்தவன் போதையில் இருக்கிறான் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தால், அவன் வண்டியில் போய் யாரை இடித்தாலும் ஊற்றிக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது செப்டம்பரில், லியோன் ஓய்வு பெற்றதற்காகக் கொடுத்த விருந்தில். அந்த நாட்டில் செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறை நாள், நல்ல வெயில். பின்கட்டில் அடுப்பு மூட்டி, லியோன் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். படகில் கூட வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். கொட்டகை நிழலில் ஒரு பீர் பீப்பாய். முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டும் ஹலுப்கியை வெர்னா முந்தின நாளே ஒரு பெரிய சட்டி நிறையச் செய்து வைத்திருந்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

தாளில் ருடால்ஃப் என்றிருந்த ரூடி, லியோனின் தம்பி. கூரை வேய்கிற வேலை. அந்த வருஷம் அவன் மனைவி அவனை விட்டுப் போயிருந்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. வரும்போதே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வருவான். அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னான். அவள் அதற்கும் சிரித்து வைத்தாள். பிறகு அவன் மக்காச்சோளத் தட்டை மேசையில் வைப்பதாக நினைத்துக்கொண்டு மேசைக்கு வெளியே வைத்தான். சோளம் புல்லில் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள்.

பிற்பாடு அவன் அழ ஆரம்பித்தான். சத்தமில்லாத அழுகை, மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கவில்லை. படகுக்காரர்கள் நாற்காலிகளை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள்.

"ஒண்ணு ஊத்திக் குடு வெர்ன். கொஞ்சம் அடங்குவான்" என்றார் லியோன் அடுப்படியிலிருந்து.

வெர்னா பீப்பாயின் குழாயைத் திறந்து ஒரு குவளை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். அழுகை நின்றது. ஆனால் அவன் அடங்கவில்லை. லியோனின் பழைய படகுத் தலைவரிடம் போய், எங்கண்ணன் முதுகை ஒடிச்சது நீதான் என்று சண்டைக்கு நின்றான். அப்போதுதான் வெர்னா கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தாள். "போதும் ரூடி. வீட்டுக்குப் போய்ப் படு."

அவன் முறைத்தான். பிறகு வீட்டின் பக்கவாட்டு வழியாக முன்பக்கம் போனான். அந்த முதுகைப் பார்த்தபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. வண்டிச் சாவியை வாங்கி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நோரீனும் அப்போதுதான் கிளம்பினாள். வெர்னா ஒரு தட்டு ஹலுப்கியை மூடிக் கையில் திணித்து அனுப்பினாள். தெருவைக் கடந்தால் வீடு. நோரீன் நடைபாதையிலிருந்து இறங்கியபோது ரூடியின் பிக்கப் வண்டி பின்னோக்கிப் பாய்ந்து வந்தது. வெர்னாவுக்குச் சத்தம்தான் கேட்டது. குப்பைத் தொட்டியைத்தான் இடித்துவிட்டான் என்று முதலில் நினைத்தாள்.

நோரீனுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்திருந்தன. வெர்னாதான் ஆம்புலன்ஸில் கூடப் போனாள். அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் மருத்துவமனைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். நோரீன் மயக்க மருந்தில் கண்ணைத் திறந்து, "தட்டு ஒடஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். "போனா போகுதுடி" என்றாள் வெர்னா. அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வழக்குத் தாள் வந்த மறுநாள், நோரீனின் மகள் டார்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ரூடியோட வண்டி இன்சூரன்ஸ் எதுக்கும் பத்தாது. உங்க வீட்டு இன்சூரன்ஸ்தான் குடுக்கணும். ஆனா உங்க மேல கேஸ் போட்டாத்தான் அவங்க கையை விரிக்காம இருப்பாங்களாம். இதுல உங்க பேரு சும்மா தாள்லதான்."

"அதை உங்கம்மா வந்து சொல்லியிருக்கலாமே."

"அம்மாவால நடக்க முடியாது" என்றாள் டார்சி. "அதுவுமில்லாம, ரெண்டு பக்கமும் பேசிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

இன்சூரன்ஸ் நிறுவனம் வெர்னாவுக்கும் லியோனுக்கும் ஒரு வக்கீலை அமர்த்திக் கொடுத்தது. கப்ரேரா என்ற இளம்பெண். கூர்மையானவள், ஓயாமல் இருமுகிறவள். அவளும் அதையே சொன்னாள். "கேஸ் முடியற வரைக்கும் எதிர் வீட்டோட பேச்சு வேண்டாம். வணக்கம்கூட வேண்டாம். அப்புறம் அதை என்னன்னு கேப்பாங்க."

குளிர்காலம் வந்தது. பனி விழுந்த காலைகளில் லியோன் தம் வாசலில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, பழக்கத்தில் நோரீனின் வாசலுக்கும் மண்வெட்டியோடு போகத் திரும்புவார். பாதித் தெருவில் நின்று, திரும்பி வந்துவிடுவார். பள்ளியில் நோரீனின் இடத்தில் வேறொரு பெண் வந்தாள். நல்லவள்தான், ஆனால் உப்பை அளந்துதான் போடுவாள். மாலையில் எதிர் வீட்டுச் சன்னலில் நோரீன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவது தெரியும். வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பாள். விளக்கைப் போட்டால் தன்னையும் அவள் பார்ப்பாளே என்று இருட்டிலேயே கழுவுவாள்.

ரூடியின் ஓட்டுநர் உரிமத்தை நீதிமன்றம் பறித்துவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கான வகுப்புக்கு வியாழன் தோறும் போக வேண்டும் என்று உத்தரவு. வகுப்பு நடக்கிற ஊருக்குப் பேருந்து கிடையாது. லியோனுக்குக் கண்ணில் புரை. ஆகவே வியாழன் தோறும் வெர்னாதான் அவனை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, வாகன நிறுத்தத்தில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவந்தாள்.

முதல் சில வாரங்கள் அவன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பாலத்தில் நெரிசலில் நின்றபோது சொன்னான். "நீ ஊத்திக் குடுக்காம இருந்திருக்கலாம் வெர்னா."

அவள் எதிரே இருந்த லாரியின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ குடிக்காம இருந்திருக்கலாம்."

"நான் குடிகாரன். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?"

அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. "கண்ணாடிய ஏத்துடா, குளுருது" என்றாள்.

விசாரணைக்கு முன்பாக வக்கீல்கள் எதிரில் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்கிற நாள் மார்ச்சில் வந்தது. அதற்கு முந்தின வாரம் கப்ரேரா வீட்டுக்கே வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்களா எதையும் சேர்க்காதீங்க. முக்கியமான கேள்வி ஒண்ணுதான்: அவர் போதையில இருந்தது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? அதுக்கு அப்புறமும் குடுத்தீங்களா? தெரிஞ்சுதுன்னா நமக்குக் கஷ்டம். தீர்ப்புத் தொகை இன்சூரன்ஸ் குடுக்கற எல்லைய மீறிப் போனா மிச்சத்துக்கு வீட்டையே பிடிப்பாங்க."

"தெரியலன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள் வெர்னா.

"நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். சொல்லவும் கூடாது." கப்ரேரா இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஆனா அன்னிக்கு உங்களுக்கு ஆயிரம் வேலை. அத்தனை பேருக்குப் பரிமாறியிருக்கீங்க. ஒவ்வொரு ஆளையும் உத்துப் பாத்துக்கிட்டா இருந்திருப்பீங்க? ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லைன்னு சொல்றது பொய் கிடையாது திருமதி ஹலுஸ்கா."

அவள் போன பிறகு லியோன் சொன்னார். "அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுது."

"ம்."

"நான் அடுப்படியில நின்னேன். புகை. நான் எதையும் பாக்கல."

"நீங்கதான் ஊத்திக் குடுக்கச் சொன்னீங்க."

"ஞாபகம் இல்ல" என்றார் லியோன். சொல்லும்போது கூரையைப் பார்த்தார். அந்த வீட்டின் கூரையை மாற்றிப் போட்டவன் ரூடிதான். கூலி வாங்காமல் செய்து கொடுத்தான்.

வக்கீல் அலுவலகத்தில் நீளமான ஒரு மேசை. நோரீனின் வக்கீல் நரைத்த தாடிக்காரர், தணிந்த குரல். சொல்வதையெல்லாம் ஒரு பெண் இயந்திரத்தில் தட்டிப் பதிந்துகொண்டிருந்தாள். வெர்னா சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். நோரீன் அங்கே இல்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது.

முதலில் சின்னச் சின்னக் கேள்விகள். எத்தனை பேர் வந்தார்கள், பீப்பாயை யார் வாங்கினார்கள், ரூடி வழக்கமாகக் குடிப்பவரா. "ஞாபகம் இல்ல" என்று சிலவற்றுக்குச் சொன்னாள். உண்மையாகவே ஞாபகம் இல்லாதவை அவை. ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அடுத்த கேள்விக்கு எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், எதை மறந்திருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. அரைமணி நேரத்துக்குள் அவளுக்குக் கழுத்து வலித்தது. எண்ணூறு பிள்ளைகளுக்குச் சமைத்த நாளில்கூட இப்படி அசந்ததில்லை.

"ருடால்ஃப் போதையில் இருந்தது உங்களுக்குத் தெரிந்ததா?" என்று தாடிக்காரர் கேட்டார்.

கப்ரேரா தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள்.

"தெரிஞ்சுது" என்றாள் வெர்னா.

"எப்படித் தெரிந்தது?"

"தட்டை மேசைக்கு வெளிய வெச்சான். ஒரே கதைய ரெண்டு தடவ சொன்னான். அப்புறம் அழுதான்."

"அதற்குப் பிறகு அவருக்கு யாராவது குடிக்கக் கொடுத்தார்களா?"

"நான் குடுத்தேன்."

"கொடுக்கும்படி யாராவது சொன்னார்களா?"

"என் வீட்டுக்காரர் சொன்னாரு. சொல்லாட்டியும் குடுத்திருப்பேன். காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தேன். அழறவனை எதுக்க வெச்சுக்கிட்டு என்னால முடியல." கேட்டதற்கு மேல் பேசுகிறோம் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "அப்புறம் நான்தான் அவனை வீட்டுக்குப் போன்னு சொன்னேன். வண்டியிலதான் போவான்னு தெரியும். வேற எப்படிப் போவான்?"

இயந்திரத்தில் தட்டுகிற பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் கப்ரேரா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மட்டும், "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்லைன்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்றாள். "ஆனா பாத்திருக்கேன். உண்மையச் சொல்லிடறவங்க எல்லாரும் இப்படித்தான் அசந்துபோய் இருப்பாங்க."

லியோனுக்கு விஷயம் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கத்துகிற மனிதரும் இல்லை. "வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டியே" என்றார். பிறகு படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய் மகனுடைய பழைய அறையில் போட்டுக்கொண்டார்.

வீடு போகவில்லை. வெர்னா சொன்னது காகிதத்தில் ஏறிய பிறகு வழக்காடுவதில் பயனில்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனம் முடிவு செய்தது. எல்லைக்குள்ளேயே ஒரு தொகைக்கு இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. மே மாதம் கையெழுத்தாயிற்று. அதே நிறுவனம் அடுத்த மாதமே இனி உங்கள் வீட்டுக்குக் காப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டது. அதிகம் கேட்கிற வேறு ஒருவரிடம் போக வேண்டியதாயிற்று. விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த பள்ளி வேலையை வெர்னா விடவில்லை. லியோன் ஒருநாள் படுக்கையைத் திரும்பத் தூக்கிவந்தார். முதுகு வலி, அந்தக் கட்டில் சரியில்லை என்று மட்டும் முனகினார். வெர்னா நகர்ந்து இடம் விட்டாள்.

இனிப் பேசலாம் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் யாரும் தெருவைக் கடக்கவில்லை. வெர்னா ஒரு தடவை கேக் செய்தாள். அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், வக்கீல்கள் கையெழுத்துப் போட்டு முடித்ததற்குக் கேக்கா என்று தோன்றித் திரும்பிவிட்டாள். லியோன் அதைத் தின்று முடித்தார்.

ஜூனில் ஒரு காலை. குப்பை வண்டி வந்து போயிருந்தது. நோரீன் ஒரு கையில் தடியும் மறு கையில் காலித் தொட்டியுமாக வீட்டுப் பாதையில் ஏற முயன்றுகொண்டிருந்தாள். தொட்டியின் சக்கரம் விளிம்பில் சிக்கிக்கொண்டது. வெர்னா காரை எடுக்க வெளியே வந்தவள், சாவியைப் பையில் போட்டுவிட்டு நேரே தெருவைக் கடந்து போய்த் தொட்டியை வாங்கினாள். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

"டார்சி எங்க?"

"வேலைக்குப் போயிட்டா" என்றாள் நோரீன். இளைத்திருந்தாள். முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒன்று புதிதாகக் கட்டியிருந்தாள். "எவ்வளவு நாளைக்கு அவளும் என்னையே பாத்துக்கிட்டிருப்பா?"

இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். தொட்டி கடகடவென்றது.

"தாள் வர்றதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் வெர்னா.

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"தெரியும். இருந்தாலும்."

நோரீன் நின்றாள். மூச்சு வாங்கியது. "எனக்கு உம்மேல கோவமே இல்லைன்னு நெனச்சியா வெர்னா? தாள்ல சும்மாதான் உன் பேரைப் போட்டிருக்குன்னு டார்சி சொன்னா. சும்மா இல்ல. ராத்திரி வலி வந்தா உன்னத்தான் நெனைப்பேன். ரூடிய நெனைக்க மாட்டேன். அவன் அப்படித்தான். நீ அப்படியில்லையே."

வெர்னா தொட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னதைப் படிச்சேன்" என்றாள் நோரீன். "வக்கீல் குடுத்தாரு. அவனை வீட்டுக்குப் போன்னு நீ சொன்னது அன்னிக்கே என் காதுல விழுந்துச்சு. நானும் அப்பாடா போறான்னுதான் நெனச்சேன். அதுக்கு முன்னாடி அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவன் சட்டைப் பையில சாவி துருத்திக்கிட்டு இருந்துச்சு. கையை நீட்டி எடுத்திருக்கலாம்." தடியை மாற்றிப் பிடித்தாள். "அதை என்கிட்ட யாரும் கேக்கல. விருந்து குடுத்தவங்களைத்தான் கேப்பாங்களாம்."

தெருக்கோடியில் ஏதோ வண்டி ஒன்று திரும்பிப் போனது.

"அவன் எப்படி இருக்கான்?" என்று நோரீனே கேட்டாள்.

"குடிக்கறதில்லைங்கறான்."

"நம்புறியா?"

"பக்கத்துல உக்காந்திருக்கும்போது நம்புறேன்."

நோரீனின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. வாசற்படிக்கு வந்திருந்தார்கள். வெர்னா தொட்டியைச் சுவரோரமாக நிறுத்தினாள்.

"காபி போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் நோரீன் கதவைத் திறந்தபடி. "ஆனா உன்ன உள்ள வான்னு சொல்ல இன்னும் வாய் வரல. வந்தா சொல்றேன்."

"சரி" என்றாள் வெர்னா.

கதவு சாத்திய பிறகும் தடி தரையில் தட்டுகிற ஓசை கேட்டது. வெர்னா தெருவைக் கடந்து திரும்பி வந்தாள். லியோன் சன்னலோரம் நின்றிருந்தார், பார்க்காதவர்போல் நகர்ந்துகொண்டார்.

"என்ன சொன்னா?" என்றார்.

"கால் வலிக்குதாம்" என்றாள் வெர்னா. வேலைக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.